சீடர் நாவில் நின்ற உஸ்தாத்

பந்தாட்டத்தைப் பற்றி இந்த ஏட்டில் ஒரு கட்டுரையா என்று அன்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அரபியும் தமிழும் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட நமக்கு அந்த ஆட்டத்தோடு என்ன உறவு என்று கேட்பவரும் இருப்பர். உறவு, ஆசிரியத் தொழில் வழியாக வந்தது. ஹைதராபாத்தில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து, இந்தியக் கால்பந்து அணியை ஆசியாவின் முதலிடத்தில் நிறுத்திவிட்டு, 1963-இல், தமது ஐம்பத்து மூன்றாம் வயதில் கண்மூடியவர் மர்ஹூம் செய்யத் அப்துர் ரஹீம் சாஹிப். அவரைப் பந்தாட்டப் பயிற்சியாளர் என்று உலகம் அறியும். நம் பார்வையில் அவர் ஒரு வாத்தியார். அந்தத் தகுதியிலேயே அவர் வரலாற்றை இங்கே எழுதப் புகுகிறோம்.

அவருடைய கற்பிக்கும் முறையைப் பற்றி இன்று நாம் அறிவனவற்றுள் பெரும்பகுதி அவரிடம் பயின்றோர் சொன்னவை. ஆட்டங்களின் கணக்கு ஏடுகளில் கிடைக்கிறது. எந்த ஆண்டு, எந்த ஊர், எத்தனை கோல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் மைதானத்தில் நின்று என்ன சொன்னார், ஒரு மாணவனை எப்படித் திருத்தினார் என்பவையெல்லாம் பலராம் சொன்னார், சுனி கோஸ்வாமி சொன்னார், பி. கே. பானர்ஜி சொன்னார் என்றே வந்துள்ளன. ஹதீஸ் கலையில் ஒரு செய்தி யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்னும் அறிவிப்பாளர் தொடரை முதலில் பார்ப்பார்கள். இஸ்னாத் என்பது அதுவே. அறிவிப்பவர் நேரில் கேட்டவரா, நினைவாற்றல் உள்ளவரா, அன்பின் மிகுதியால் கூட்டிச் சொல்பவரா என்றெல்லாம் ஆராய்வார்கள். ரஹீம் சாஹிபின் வரலாற்றையும் அப்படித்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

அவர் 1909 ஆகஸ்டு 17-ஆம் நாள் ஹைதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 1918-இல் நிறுவப்பட்ட அந்தப் பல்கலைக்கழகம் உயர்கல்வியை உருது மொழியில் புகட்டிய பெருமை உடையது; அறிவியலும் சட்டமும் மருத்துவமும் நம் மொழியில் முடியுமா என்று நாம் இன்றும் விவாதித்துக் கொண்டிருக்கையில், அங்கே அன்றே செய்து காட்டினார்கள். அது நிற்க. பட்டம் பெற்ற ரஹீம் சாஹிப் கச்சிகுடா, தாருல் உலூம், சாதர்காட் முதலிய பள்ளிகளில் ஆசிரியராகப் பணியாற்றினார். உடற்கல்வியிலும் முறையான பயிற்சி பெற்றார். பல்கலைக்கழக அணியில் பந்தாடியவர் ஆயினும், ஆட்டக்காரராக அவர் பெயர் பெரிதாகப் பரவவில்லை. 1940-களின் தொடக்கத்தில் ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளரானார். இறக்கும்வரை அப்பொறுப்பில் இருந்தார்.

செயலாளர் பதவி என்றால் கடிதம் எழுதுவதும் கணக்குப் பார்ப்பதும் என்றுதான் நாம் நினைப்போம். ரஹீம் சாஹிப் அந்த நாற்காலியை வகுப்பறை ஆக்கினார். அவர் நடத்திய சில போட்டிகளின் விதிகளைப் பாருங்கள். ஒரு போட்டியில், பந்தைத் தன் காலோடு வைத்துக்கொண்டு எதிரிகளை ஏய்த்து ஓடக்கூடாது. வந்த பந்தை உடனே தோழனுக்கு அனுப்பிவிட வேண்டும். இன்னொரு போட்டியில், பழகிய காலால் உதைக்கக் கூடாது. வலக்காலன் இடக்காலாலும், இடக்காலன் வலக்காலாலுமே ஆட வேண்டும்.

இவை வேடிக்கை விதிகள் அல்ல. நம் நாட்டில் பந்தாட்டத்தின் பெருமையே ஒருவன் நான்கு பேரை ஏமாற்றிப் பந்தைக் கொண்டுபோவதில் இருப்பதாக எண்ணி வந்தோம். நமது குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், பந்தாட்டத்துக்குப் பேர்போன தூத்தூர்ப் பக்கம் மாலையில் நடந்து செல்வோர் கண்டிருக்கலாம்: பந்து கிடைத்த சிறுவன் அதை எளிதில் விடமாட்டான், கரையில் நிற்பவர்களும் அவனைத்தான் மெச்சுவார்கள். அந்த மெச்சுதலை அறுப்பதற்கே ரஹீம் சாஹிப் விதி செய்தார். சொல்லித் திருத்துவது கடினம் என்று அறிந்த ஆசிரியர், சொல்லாமலே திருந்தும்படி பாடத்தை அமைத்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சோம்பும் பிள்ளைக்கு மனப்பாடமான பக்கத்தை விட்டுவிட்டு நடுப்பக்கத்தை விரித்து வைக்கும் ஓதல் ஆசிரியர் செய்வதும் இதைத்தான்.

மாணவரைத் தேடிப் பிடிப்பதிலும் அவர் ஆசிரியராகவே நடந்தார். செகந்திராபாத்தை அடுத்த அம்முகுடாவில் ஓர் ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் துளசிதாஸ் பலராம். அவருடைய ஆட்டத்தை ரஹீம் சாஹிப் கண்டு, பயிற்சிக்கு வா என்றார். ஹைதராபாத் போய்வர இளைஞரிடம் காசு இல்லை. வாடகைச் சைக்கிளுக்கான பணத்தை ரஹீம் சாஹிபே கொடுத்தார் என்று பலராம் பிற்காலத்தில் கூறியுள்ளார். இந்த அறிவிப்பை நாம் தயக்கமின்றி ஏற்கிறோம். சொன்னவர் நேரில் பெற்றவர். தம் வறுமையைத் தாமே சொல்லிக்கொள்பவர் அதைக் கூட்டிச் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

1948 செப்டம்பரில் நிஜாம் ஆட்சி முடிந்தது. அந்நாட்களில் ஹைதராபாத் பட்ட துயரம் நூல்களில் உள்ளது; இங்கே விரிக்க வேண்டியதில்லை. இரண்டே ஆண்டுகள் கழித்து, 1950-இல், ரஹீம் சாஹிபிடம் பயின்ற ஹைதராபாத் நகரக் காவல் அணி பம்பாயில் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அக்கோப்பையை எவரிடமும் விடவில்லை. 1950-இல் டூரண்டு கோப்பையும் அவர்களுக்கே வந்தது. கல்கத்தாவின் பெரிய சங்கங்களே இந்தியப் பந்தாட்டம் என்று இருந்த காலத்தில், தக்காணத்துக் காவலர் சிலர் செய்த காரியம் இது. சந்தோஷ் கோப்பையிலும் ஹைதராபாத் அடுத்தடுத்து இருமுறை வென்றது.

1951 மார்ச்சில் டில்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. ரஹீம் சாஹிப் பயிற்றிய இந்திய அணி, சைலேன் மன்னா தலைமையில், இறுதியாட்டத்தில் ஈரானை 1–0 என்று வென்று தங்கம் பெற்றது. அடுத்த ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1–10 என்று தோற்றது. நம்மவர் பலர் வெறுங்காலோடு, பழகாத குளிரில் ஆடினர். தங்கம் வென்ற அடுத்த ஆண்டே பத்துக் கோல் வாங்குவது எந்த ஆசிரியரையும் குலைத்துவிடும். ஆனால் அந்தத் தோல்விக்குப் பின்னர்தான் பூட்சு அணிந்தே ஆட வேண்டும் என்னும் விதியை அகில இந்தியச் சங்கம் கொண்டுவந்தது. வெறுங்கால் நம் பெருமை என்ற பேச்சு அத்துடன் ஓய்ந்தது.

இனி 1956. அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் நாள் நாஞ்சில் நாட்டார்க்கு மறக்கக்கூடிய நாளன்று. திருவிதாங்கூரோடு இருந்த நம் தாலுக்காக்கள் தமிழகத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் பிறந்த நாள் அது. அதே நாளில், அதே சட்டத்தால், ரஹீம் சாஹிபின் ஹைதராபாத் இராச்சியம் வரைபடத்திலிருந்து மறைந்து ஆந்திரம், பம்பாய், மைசூர் என்று பிரிந்தது. நமக்கு மகிழ்ச்சியாக வந்த கோடு அங்கே சிலருக்குப் பிரிவாகவும் வந்திருக்கும். சரியாக ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 1-ஆம் நாள், மெல்பர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணில் 4–2 என்று வென்றது. நெவில் டிசௌசா மூன்று கோல் போட்டார். முதற்சுற்றில் எதிர்க்க வேண்டிய ஹங்கேரி வராததால் இந்தியா ஆடாமலே மேலே வந்திருந்தது. எனவே இந்த ஒரு வெற்றியோடு அரையிறுதி.

அரையிறுதியில் எதிரே நின்றது அதே யூகோஸ்லாவியா. நான்கு ஆண்டுகளுக்கு முன் பத்துக் கோல் போட்டவர்கள். இரண்டாம் பாதியில் முதற் கோலைப் போட்டது இந்தியா! பின்னர் நால்வகையாலும் தாக்கப்பட்டு 1–4 என்று தோற்றது; மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்திலும் பல்கேரியாவிடம் 0–3 என்று இழந்து நான்காம் இடத்தில் நின்றது. ஒலிம்பிக்கில் இந்தியக் கால்பந்து எட்டிய உயரம் இன்றுவரை அதுவே. அந்த அணியில் அஜீஸ், நூர் முஹம்மத், அஹ்மத் ஹுசைன், சுல்பிகாருத்தீன், பலராம் என்று ஹைதராபாத்தில் ரஹீம் சாஹிபின் கண்முன் வளர்ந்தவர் பலர்.

இங்கேதான் சீடர்களின் ஓர் அறிவிப்பை நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. நடு முன்னணி ஆட்டக்காரர் ஒருவரைச் சற்றே பின்னிழுத்து, பின்காவலுக்கு நால்வர், நடுவில் இருவர், முன்னே நால்வர் என்று ஆடும் அமைப்பை, 1958-இல் பிரேசில் உலகக் கோப்பையில் காட்டுவதற்கு முன்னரே ரஹீம் சாஹிப் நமக்குக் கற்பித்துவிட்டார் என்று சொல்வர். சிலர் அதற்கு மேலும் போய், பிரேசிலுக்கே அவர்தாம் முன்னோடி என்பது போலப் பேசுகின்றனர். முதற்பகுதி ஏற்கத்தக்கது. இரண்டாவது அன்பின் மிகுதி.

தொடரைப் பின்னோக்கிப் பிடித்தால் உண்மை விளங்கும். இவ்வாட்டத்தில் பந்தைத் தோழனுக்குத் தோழன் மாற்றிச் செல்லும் கலையை முதலில் வளர்த்தவர் ஸ்காட்லாந்துக்காரர். 1872-இல் இங்கிலாந்தோடு முதல் நாட்டு ஆட்டம் ஆடிய காலத்தில், ஆங்கிலேயர் தனித்தனியே ஓடியபோது இவர்கள் சேர்ந்து ஆடினர். ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனில் பிறந்த ஜான் டெய்ட் ராபர்ட்சன் என்பவர் அத்தலைமுறைகளின் வழிவந்தவர். 1905-இல் இலண்டனில் செல்சி சங்கம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் மேலாளரானவர். தாமும் ஆடிக்கொண்டே அணியை நடத்தினார். அங்கே நீண்ட நாள் தங்கவில்லை. சில ஆண்டுகளில் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரத்து எம்.டி.கே. சங்கத்துக்குப் பயிற்சியாளராகச் சென்றார். அவருக்குப் பின் அதே சங்கத்தில் ஜிம்மி ஹோகன் வந்தார். இவர் ஆங்கிலேயர், ஆயினும் ஸ்காட்லாந்து முறையில் ஊறியவர். இவ்விருவர் ஊன்றிய வித்து ஹங்கேரியில் ஆலமரமாயிற்று. 1953 நவம்பரில் வெம்பிளியில் இங்கிலாந்தை 6–3 என்று ஹங்கேரி வீழ்த்தியபோது, பின்னிழுத்து நின்ற நடு முன்னணியாளராக மூன்று கோல் போட்ட ஹிதெக்குத்தி அதே எம்.டி.கே. சங்கத்தவர். அச்சங்கத்தில் ஒருகாலத்தில் ஆடிய பேலா குட்மன் 1957-இல் பிரேசிலின் சாவோ பாவுலோவில் பயிற்சியாளராக இருந்தார்.

ஆக, பிரேசிலும் ஹைதராபாத்தும் ஒன்றுக்கொன்று உஸ்தாதும் சீடரும் அல்ல. ஓர் ஊற்றிலிருந்து பிரிந்த இரு கால்வாய்கள். இதைச் சொல்வதால் ரஹீம் சாஹிபின் மதிப்பு குறையவில்லை. பிரேசில் தன் நாட்டுக்கே வந்து இறங்கிய ஹங்கேரியரிடம் நேரில் கற்றது. ரஹீம் சாஹிபோ ஐரோப்பாவிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, ஒரு பள்ளி ஆசிரியரின் வருவாயில் வாழ்ந்தவர். உலகம் வியந்த மூன்றே ஆண்டுகளில் அந்தப் பாடத்தைத் தம் பிள்ளைகளின் கால்களுக்கு இறக்கிக் கொடுத்தார். அவர் புதுமை செய்தாரா என்பதைவிட, தொலைவிலிருந்த கல்வியைக் காலத்தில் கொண்டுவந்து சேர்த்தாரா என்பதே ஆசிரியரை அளக்கும் கோல்.

1960 ரோம் ஒலிம்பிக்கைப் பற்றி நீட்ட வேண்டாம். ஹங்கேரியிடம் 1–2 என்று தோல்வி, பிரான்சோடு 1–1 என்று சமன், பெருவிடம் 1–3 என்று தோல்வி. அவ்வாண்டு வெண்கலம் வென்ற ஹங்கேரியோடு ஒரு கோல் இடைவெளியில் நின்றது எளிதன்று. ஒரு செய்தியை மட்டும் விட மனமில்லை. அந்த அணியில் ரஹீம் சாஹிபின் மகன் செய்யத் ஷாஹித் ஹக்கீமும் இடம்பெற்றிருந்தார். மூன்று ஆட்டங்களில் ஒன்றிலும் தந்தை மகனைக் களத்தில் இறக்கவில்லை. ஹக்கீம் பின்னாளில் விமானப்படை அதிகாரியாகவும் பன்னாட்டு நடுவராகவும் பயிற்சியாளராகவும் பெயர்பெற்று 2021-இல் காலமானார்.

1962-இல் ஜகார்த்தாவில் நான்காம் ஆசிய விளையாட்டுப் போட்டி. ரஹீம் சாஹிபின் உடலில் புற்றுநோய் குடியேறியிருந்தது. முதல் ஆட்டத்திலேயே இந்தியா தென்கொரியாவிடம் 0–2 என்று தோற்றது. அடுத்துத் தாய்லாந்தை 4–1, ஜப்பானை 2–0 என்று வென்றது. தாய்லாந்தோடு ஆடுகையில் பின்காவலின் தூணான ஜர்னைல் சிங்கின் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. அரையிறுதிக்கு வேறெந்தப் பயிற்சியாளரும் அவரை உட்கார வைத்திருப்பார். ரஹீம் சாஹிப் அவரை முன்னணிக்கு மாற்றினார்! கல்லூரி நாட்களில் அவர் முன்னணியில் ஆடியவர் என்பதை உஸ்தாத் மறக்கவில்லை. பின்காவலை அருண் கோஷ் ஏற்றார். தென்வியட்நாமை 3–2 என்று வென்ற அரையிறுதியில் ஜர்னைலும் ஒரு கோல் போட்டார்.

இறுதியாட்டத்துக்கு முன் ஊர் கொந்தளித்தது. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா அழைக்காததைக் கண்டித்து, ஆசிய விளையாட்டுக் கூட்டமைப்பில் இருந்த இந்தியர் ஜி. டி. சோந்தி பேசியதால் மக்கள் சினம் இந்தியர் மேல் திரும்பிற்று. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. செப்டம்பர் 4-ஆம் நாள் சேனாயான் அரங்கில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் கூடினர். நம் நாட்டுப் பெயர் கேட்டாலே கூச்சல். அந்தக் கூட்டத்தில் பாகிஸ்தான் ஹாக்கி ஆட்டக்காரர்கள் இந்தியாவுக்காகக் குரல் கொடுத்தனர் என்று நம் ஆட்டக்காரர்கள் நினைவுகூர்ந்துள்ளனர். முந்திய இரவு ரஹீம் சாஹிப் பிள்ளைகளை அழைத்து, தமக்கு ஒரு பரிசு வேண்டும், நாளை அந்தத் தங்கத்தைத் தாருங்கள் என்று கேட்டதாகச் சுனி கோஸ்வாமி சொல்லியிருக்கிறார். ஆசிரியர் மாணவனிடம் கேட்பது அரிது. கேட்டால் மறுக்க முடியாது.

எதிரணி, முதலில் தோற்கடித்த அதே தென்கொரியா. காய்ச்சலிலிருந்து தேறிய பீட்டர் தங்கராஜைக் கோல் கீப்பராக நிறுத்தினார்கள். நீலகிரி வெல்லிங்டனில் மதராஸ் ரெஜிமெண்ட் மையத்தில் வளர்ந்த ஆட்டக்காரர் அவர். பதினேழாம் நிமிடத்தில் பி. கே. பானர்ஜியும், இருபதாம் நிமிடத்தில் தலையில் தையலோடு நின்ற ஜர்னைலும் கோல் போட்டனர். கொரியா ஒன்றைத் திருப்பிற்று. 2–1. தங்கம் இந்தியாவுக்கு. அந்தப் பயணக் குழுவில் தங்கராஜ், பலராம், எதிராஜ், அருமைநாயகம் என நான்கு தமிழ்ப் பெயர்கள் இருந்தன என்பதை நம் வாசகர் அறிந்திருப்பது நல்லது.

ஒன்பது மாதம் கழித்து, 1963 ஜூன் 11-ஆம் நாள், ஹிஜ்ரி 1383 முஹர்ரம் மாதத்தில், ரஹீம் சாஹிப் வஃபாத்தானார்.

அர்ஜுனா விருது 1961-இல் ஏற்பட்டது. கால்பந்துக்கு அவ்வாண்டு பி. கே. பானர்ஜி பெற்றார், அடுத்து 1962 முதல் 1967 வரை ஆண்டுக்கு ஒருவராகப் பலராம், சுனி கோஸ்வாமி, ஜர்னைல் சிங், அருண் கோஷ், யூசுப் கான், தங்கராஜ். ஏழு ஆண்டு, ஏழு பேர். எழுவரும் ஜகார்த்தாவின் இறுதியாட்டத்தில் ஆடியவர்கள். பயிற்சியாளர்களுக்கான துரோணாசாரியார் விருதோ 1985-இல்தான் தொடங்கப்பட்டது. அதற்குள் அவர் மறைந்து இருபத்திரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டன.

அவருக்குப் பின் இந்தியா 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடமும், 1970 பாங்காக் ஆசியப் போட்டியில் ஹைதராபாத் செய்யத் நயீமுத்தீன் தலைமையில் வெண்கலமும் பெற்றது. அதன் பின் ஆசிய விளையாட்டில் ஆடவர் கால்பந்துப் பதக்கம் இல்லை. 1960-க்குப் பின் ஒலிம்பிக்கில் இடமே இல்லை. ஒரு மனிதர் போனதால் எல்லாம் போயிற்று என்று சொல்வது எளிது. நாம் அதை ஒப்பவில்லை. தங்கம் கொண்டுவந்த ஆசிரியரின் பாடத்தை அவர் உயிரோடிருக்கையிலேயே எழுத்தில் வாங்கி, மாவட்டந்தோறும் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்றுவிக்கும் கடமை சங்கத்துக்கு இருந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் அதற்கு நேரமும் இருந்தது. பிரேசிலில் ஓர் ஹங்கேரியர் விட்டுச் சென்றதை அந்நாடு நிறுவனமாக்கிக் கொண்டது. நாமோ உஸ்தாதின் பாடத்தைச் சீடர்களின் நினைவிலேயே விட்டுவைத்தோம். பி. கே. பானர்ஜி, நயீமுத்தீன் போன்றோர் தாமும் பயிற்சியாளராகித் தம்மால் இயன்றவரை அதைச் சுமந்தனர் என்பது உண்மை. ஆனால் நெஞ்சில் உள்ள கல்வி, நெஞ்சுக்குரியவர் உள்ளவரைதான்.

அந்த நெஞ்சுகளும் ஒவ்வொன்றாக அடங்கின. தங்கராஜ் 2008-இல் மறைந்தார். பி. கே. பானர்ஜியும் சுனி கோஸ்வாமியும் 2020-இல், ஒன்றரை மாத இடைவெளியில். ரஹீம் சாஹிபிடம் வாடகைச் சைக்கிளுக்குப் பணம் வாங்கிய பலராம், கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் தம் கடைசி நாட்களைக் கழித்து 2023 பிப்ரவரி 16-ஆம் நாள் காலமானார். ரஹீம் சாஹிபின் வாழ்க்கையைச் சொல்லும் ‘மைதான்’ என்னும் இந்தித் திரைப்படம் 2024 ஏப்ரலில் வெளிவந்தது. அதைப் பார்த்து, இது நடந்தது, இது நடக்கவில்லை என்று சொல்ல அம்மூவரில் ஒருவரும் இல்லை.